நர்ஸ் மருந்து எழுதலாமா? நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் பயிற்சியும்: ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளோடு சில மாதம் தங்கிவிட்டு வரும் பெற்றோர் பலர் அங்கே ஒன்றைக் கவனித்திருப்பார்கள். காய்ச்சலுக்கோ சர்க்கரைக்கோ கிளினிக் போனால், அறைக்குள் வந்து விசாரித்து, ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் எழுதித் தருபவர் பல நேரம் டாக்டராக இருக்க மாட்டார். அவருடைய அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் 'என்.பி.' என்று இருக்கும். நர்ஸ் பிராக்டிஷனர் என்பதன் சுருக்கம் அது. "நர்ஸம்மாவே மருந்து எழுதுறாங்களே, டாக்டர் வரவே மாட்டாரா?" என்று வீடு திரும்பியதும் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். டாக்டர் எழுதியதை நேரம் தவறாமல் கொடுப்பது, ட்ரிப் ஏற்றுவது, நோயாளியின் நிலையைக் கவனித்துக் குறித்து வைப்பது என்றுதான் நம் ஊரில் நர்ஸ் வேலையைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். நோய் என்ன என்று தீர்மானித்து மருந்து எழுதும் தகுதி ஒரு நர்ஸுக்கு எங்கிருந்து வருகிறது? என்ன படிக்கிறார், யாரிடம் பழகுகிறார், யார் அவரைச் சோதித்து அனுப்புகிறார்கள்? பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பட்டத்தின் பெயரைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறையப் பேர். என் பார்வையில் இந்தப் படிப்பின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது: யார் மேற்பார்வையில், எப்படிப்பட்ட நோயாளிகளை, எவ்வளவு காலம் பார்த்துப் பழகினார் என்பதில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடுவோம். முதுநிலைக் கல்வி பெற்று, கூடுதல் அதிகாரத்தோடு வேலை செய்யும் நர்ஸ்களை அமெரிக்காவில் ஏ.பி.ஆர்.என். என்ற பொதுப்பெயரால் குறிப்பிடுகிறார்கள். தமிழில் உயர்நிலைச் செவிலியர் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் நான்கு வகை உண்டு. நோயறிந்து மருந்து எழுதிச் சிகிச்சை தரும் நர்ஸ் பிராக்டிஷனர். கர்ப்பகாலப் பராமரிப்பும் பிரசவமும் பார்க்கும் நர்ஸ் மிட்வைஃப். அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் அனெஸ்தடிஸ்ட். ஒரு குறிப்பிட்ட துறையில் ஆழ்ந்த அறிவோடு வார்டின் தரத்தையும் மற்ற நர்ஸ்களின் திறமையையும் உயர்த்தும் கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட். எண்ணிக்கையில் நர்ஸ் பிராக்டிஷனர்கள்தான் மிக அதிகம், மூன்றரை லட்சத்துக்கும் மேல். அதனால் இங்கே பெரும்பாலும் அவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

எப்படித் தொடங்கியது

டாக்டர்கள் போகாத இடத்தில்தான் இதன் வேர் இருக்கிறது. 1925-இல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற நர்ஸ், கென்டக்கி மாநிலத்து மலைக் கிராமங்களில் ஒரு சேவையைத் தொடங்கினார். பின்னாளில் அதற்கு ஃபிரான்டியர் நர்சிங் சர்வீஸ் என்று பெயர் வந்தது. சாலை இல்லாத ஊர்களுக்குக் குதிரையில் போய்ப் பிரசவம் பார்த்தார்கள் அந்த நர்ஸ்கள். பிரெக்கின்ரிட்ஜ் மகப்பேறுப் பயிற்சிக்காக இங்கிலாந்து வரை போய்ப் படித்துவிட்டு வந்தவர். 1954-இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹில்டகார்ட் பெப்லாவ் மனநலத் துறை நர்ஸ்களுக்கு முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ்களின் கதை அங்கிருந்து வளர்ந்தது.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயர் பிறந்தது 1965-இல், கொலராடோ பல்கலைக்கழகத்தில். லொரெட்டா ஃபோர்டு பொதுச் சுகாதார நர்ஸ். ஹென்றி சில்வர் குழந்தைகள் நல மருத்துவர். கிராமப்புறங்களில் குழந்தைகளைப் பார்க்க டாக்டர்கள் போதவில்லை. டாக்டர்கள் சிறப்புத் துறைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டில்தான் முதியவர்களுக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும் வந்தன. சிகிச்சைக்கு வழி கிடைத்தவர்கள் ஒரே வீச்சில் பெருகினார்கள். ஃபோர்டும் சில்வரும் நர்ஸ்களைத் தேர்ந்தெடுத்து, குழந்தையை முழுமையாகப் பரிசோதிக்கவும், வளர்ச்சியைக் கணிக்கவும், சாதாரண நோய்களைக் கையாளவும் பயிற்சி கொடுத்தார்கள். ஃபோர்டு நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2025-இல் காலமானார். தான் ஊன்றியது நாடு முழுக்கப் பரவியதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்.

கொலராடோவைத் தொடர்ந்து முளைத்த பயிற்சிகளில் பல, சில மாதச் சான்றிதழ் படிப்புகளாகத்தான் இருந்தன. 1990-களில்தான் முதுநிலைப் பட்டம் பொது வழக்கமானது. 2008-இல் தேசிய அளவிலான நர்சிங் அமைப்புகள் கூடி, உரிமம், கல்லூரி அங்கீகாரம், சான்றிதழ் தேர்வு, பாடத்திட்டம் என நான்கையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி ஒரு பொது வரைவை உருவாக்கின. இன்றுள்ள ஒழுங்கு பெரும்பாலும் அந்த வரைவிலிருந்து வந்ததுதான்.

படிப்பில் என்ன இருக்கிறது

நுழைவாயில் பி.எஸ்.என்., அதாவது நம் பி.எஸ்சி. நர்சிங் போன்ற நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம். கூடவே ஆர்.என். உரிமம், அதாவது என்கிளெக்ஸ் தேர்வு எழுதிப் பதிவு பெற்ற நர்ஸாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எம்.எஸ்.என். என்ற முதுநிலைப் பட்டம் இரண்டு அல்லது மூன்று ஆண்டு, டி.என்.பி. என்ற முனைவர் நிலைப் பட்டம் என்றால் மூன்று அல்லது நான்கு ஆண்டு.

சேரும்போதே எந்த வகை நோயாளிகளைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். குடும்பத்தில் எல்லா வயதினரும், பெரியவர்களும் முதியவர்களும், குழந்தைகள், பச்சிளம் சிசுக்கள், பெண்கள் நலம், மனநலம் என ஆறு பிரிவுகள். பெரியவர்கள், குழந்தைகள் இரண்டிலும் கிளினிக்கில் பார்க்கும் ஆரம்பநிலைப் பராமரிப்பு தனி, மருத்துவமனையில் படுத்திருக்கும் தீவிர நோயாளிகளைப் பார்ப்பது தனி. இந்தப் பிரிவு பெயரளவுக்கு வைத்தது இல்லை. குழந்தைகள் பிரிவில் தேறியவர் நாளைக்கு முதியோர் கிளினிக்கில் உட்கார முடியாது. மாற வேண்டுமானால் அந்தப் பிரிவுக்கான பாடத்தையும் பயிற்சியையும் தனியாக முடித்துத் தேர்வும் எழுத வேண்டும்.

எந்தப் பிரிவானாலும் மூன்று பாடங்களிலிருந்து தப்ப முடியாது. உடலில் நோய் எப்படி உருவாகி நடக்கிறது என்பதைச் சொல்லும் நோய் உடலியங்கியல், மருந்தியல், தலை முதல் கால் வரையான உடல் பரிசோதனை. மூன்றின் ஆங்கிலப் பெயரும் பி என்ற எழுத்தில் தொடங்குவதால் 'மூன்று பி' என்று மாணவர்கள் செல்லமாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் முதுநிலை அளவில் முழுப் பாடமாக இருந்தாக வேண்டும் என்பது விதி. "இதெல்லாம் பி.எஸ்சி.யிலேயே படித்ததுதானே" என்று தோன்றும். பாடத் தலைப்பு ஒன்றுதான். எதற்காகப் படிக்கிறோம் என்பது மாறிவிடுகிறது. வார்டு நர்ஸ் ஒரு மருந்தின் பக்கவிளைவைக் கண்டுபிடித்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் அந்த மருந்தை நிறுத்துவதா, மாற்றுவதா, எதற்கு மாற்றுவது, மாற்றிய பின் எந்தப் பரிசோதனையை எப்போது பார்ப்பது என்பதைத் தானே முடிவெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த முடிவின் பொறுப்பும் அவருடையது.

பிரிசெப்டர் பக்கத்தில் நிற்கும்போது

இந்த மாற்றம் வகுப்பறையில் நடக்காது. கிளினிக்கில், பிரிசெப்டர் என்று அழைக்கப்படும் அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் இருந்து பழகும்போதுதான் நடக்கும். அவர் நர்ஸ் பிராக்டிஷனராக இருக்கலாம், டாக்டராகவும் இருக்கலாம். கல்லூரிச் சம்பளப் பட்டியலில் இல்லாமல், தன் அன்றாட வேலைக்கு நடுவே மாணவரைக் கூட வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பவர்.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். குடும்ப நலப் பிரிவில் படிக்கும் மாணவி ஒருவர். எட்டு ஆண்டு ஐசியுவில் வேலை பார்த்த நல்ல நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்குக்கு 36 வயதுப் பெண் ஒருவர் வருகிறார். மூன்று வாரமாக வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, இரவில் தூக்கம் கெடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் ரத்த அழுத்தத்துக்கு லிசினோப்ரில் மாத்திரை தொடங்கியிருக்கிறார்.

மாணவி முதலில் தனியாக அறைக்குள் போகிறார். விசாரிக்கிறார்: எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா, நெஞ்செரிச்சல் உண்டா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா. நுரையீரலைக் கேட்கிறார், கால் வீக்கம் பார்க்கிறார். பிறகு வெளியே வந்து பிரிசெப்டரிடம் சில நிமிடத்தில் சொல்ல வேண்டும். "இருமலோடு ஒருவர் வந்திருக்கிறார்" என்பதோடு நிறுத்தினால் போதாது. என்னென்ன நோயாக இருக்கலாம், அதில் எது ஏன் சாத்தியம், எது ஏன் இல்லை, நான் என்ன செய்ய நினைக்கிறேன் என்று வரிசையாக வர வேண்டும். ஆஸ்துமா இருக்கலாம், ஆனால் இழுப்பு கேட்கவில்லை. இதயம் தளர்ந்திருக்கலாம், ஆனால் வீக்கமில்லை, மூச்சுத்திணறலும் இல்லை. மாத்திரை தொடங்கிய பிறகு இருமல் வந்திருப்பதால் மருந்தின் மேல்தான் சந்தேகம் என்கிறார் மாணவி.

பிரிசெப்டர் அங்கே விடமாட்டார். ஏன் இந்த மருந்து இருமலைக் கொண்டுவருகிறது என்று கேட்பார். உடலில் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியையே இந்த மாத்திரை தடுக்கிறது. சிதையாமல் தேங்கும் பிராடிகைனின் சுவாசப் பாதையை உறுத்துகிறது. அதனால்தான் சிலருக்கு வறட்டு இருமல். நோய் உடலியங்கியல் பாடம் இங்கே வேலைக்கு வருகிறது. சரி, என்ன செய்யப் போகிறாய்? லிசினோப்ரிலை நிறுத்திவிட்டு லோசார்ட்டான் தரலாம். அது அந்த நொதியைத் தொடுவதில்லை, இருமல் பெரும்பாலும் வராது. ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். நல்ல பதில்தான்.

அப்போது பிரிசெப்டர் கேட்கும் கேள்விதான் முக்கியம்: குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டாயா? மாணவி கேட்கவில்லை. லிசினோப்ரிலும் சரி, லோசார்ட்டானும் சரி, கர்ப்பகாலத்தில் கருவுக்குக் கேடு செய்யும். அந்தப் பெண் கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தால் இரண்டுமே வேண்டாம். லாபெட்டலால், நிஃபெடிபின் போன்ற வேறு மருந்துகளைத்தான் யோசிக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி அறைக்குள் போகிறார்கள், மாணவி கேட்கிறார், முடிவு எடுக்கிறார்கள்.

ஐசியுவில் எட்டு ஆண்டு இருந்தவருக்கு அந்தக் கேள்வி ஏன் தோன்றவில்லை? அங்கே அவர் கவலைப்பட்டது இன்றிரவு நோயாளி பிழைப்பாரா என்பதைப் பற்றி. இங்கே ஒருவருடைய அடுத்த மூன்று ஆண்டு வாழ்க்கையை யோசித்து மருந்து எழுத வேண்டியிருக்கிறது. பழைய அனுபவம் நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் அது தானாகவே இந்த வேலைக்கான அறிவாக மாறிவிடாது. அப்படி மாற்றுவதற்குத்தான் இத்தனை மணி நேரப் பயிற்சி. இப்படி நூற்றுக்கணக்கான நோயாளிகள், ஒவ்வொருவரிடமும் விட்டுப்போன ஒரு கேள்வி, அதைச் சுட்டிக்காட்ட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தொடக்க வாரங்களில் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அப்புறம் விசாரிப்பது மட்டும், பிறகு பரிசோதனையும் சேர்த்து, கடைசிப் பருவத்தில் முடிவு வரை மாணவரே சொல்ல, பிரிசெப்டர் சரிபார்ப்பார். பார்த்த ஒவ்வொரு நோயாளியையும், பெயர் அடையாளம் இல்லாமல், வயது, நோய், தான் செய்த பங்கு என்று மென்பொருளில் பதிய வேண்டும். கல்லூரி ஆசிரியர்கள் அந்தப் பதிவைப் பார்த்து, குழந்தைகள் குறைவாக இருக்கிறார்களா, முதியவர்கள் குறைவா என்று கவனித்து இடம் மாற்றுவார்கள். நேரில் வந்தும் பார்ப்பார்கள். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்துச் செயல்முறைத் தேர்வும் உண்டு.

எத்தனை மணி நேரம்? நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளுக்கான தேசியத் தரநெறிகள் நெடுங்காலம் 500 மணி நேரத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருந்தன. 2022-இல் வெளிவந்த பதிப்பு அதை 750 ஆக்கியது. இது நோயாளியை நேரடியாகப் பார்க்கும் நேரம் மட்டும். பொம்மை வைத்துச் செய்யும் ஒத்திகைப் பயிற்சி இந்தக் கணக்கில் சேராது. நாளுக்கு 8 மணி என்றால் 94 நாள் வருகிறது. டி.என்.பி. படிப்புகளில் செய்முறைக்கு மொத்தம் 1,000 மணி நேரம் என்பது பல காலமாக இருந்த அளவுகோல்.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பிரிசெப்டர் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. மாணவரை வைத்துக்கொண்டால் ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகள் குறைவார்கள், வருமானமும் குறையும். பெரும்பாலும் ஊதியம் கிடையாது. கல்லூரியே இடம் பிடித்துத் தருவதுதான் சரியான முறை. ஆனால் பல படிப்புகளில், குறிப்பாக ஆன்லைன் வழிப் படிப்புகளில், மாணவர்களே கிளினிக் கிளினிக்காகப் போன் போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. சிலர் இடைத்தரகு நிறுவனங்களுக்குக் கைக்காசு கொடுத்துப் பிடிக்கிறார்கள். ஜார்ஜியா, மேரிலாண்ட், ஹவாய் போன்ற சில மாநிலங்கள் பிரிசெப்டர்களுக்கு வருமான வரிச் சலுகை கொடுத்துப் பார்க்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு, பயிற்சியின் உயிர்நாடியான பகுதியை மாணவர் தலையில் கட்டுவது தவறு என்பது என் உறுதியான எண்ணம். எந்த பிரிசெப்டர் கிடைக்கிறாரோ அவருடைய தரம்தான் அந்த மாணவரின் தரமாகிறது. அதை அதிர்ஷ்டத்துக்கு விடக்கூடாது.

மயக்க மருந்து வழி

நர்ஸ் அனெஸ்தடிஸ்ட் பாதை இதைவிடக் கடினமானது, ஆனால் தெளிவானது. சேர்வதற்கே குறைந்தது ஓராண்டு தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவம் வேண்டும். பெரும்பாலானவர்கள் அதைவிடக் கூடுதலாக வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். முழுநேரமாக மூன்று ஆண்டு. 2022 ஜனவரியிலிருந்து சேரும் எல்லோரும் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும். குறைந்தது 2,000 மணி நேரப் பயிற்சி, 600 கேஸ். அதுவும் குழந்தைகள், பிரசவம், இதயம், மூளை, முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பது என்று வகைவாரியாக எண்ணிக்கை நிர்ணயித்திருக்கிறார்கள். பயிற்சி இடங்களைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது நடைமுறையில் முடியாத காரியம். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகள் இந்த ஒழுங்கிலிருந்து நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

மிட்வைஃப் பயிற்சியில் மணி நேரத்தைவிடத் திறனை அடைந்தாயிற்றா என்பதையே பார்க்கிறார்கள். பிரசவம், கர்ப்பகாலம், பிரசவத்துக்குப் பின், பெண்கள் நலம் எல்லாவற்றிலும் போதிய அனுபவம் வேண்டும். கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்டுக்கு 500 மணி நேரம் என்பது வழக்கம்.

முதுநிலையா, முனைவர் நிலையா என்ற விவாதம் இருபது ஆண்டுகளாக நடக்கிறது. அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் 2004-இல், 2015-க்குள் எல்லா உயர்நிலை நர்ஸ்களும் டி.என்.பி. வழியாக வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. மயக்க மருந்துத் துறை மட்டும் அதைக் கட்டாயமாக்கியது, மற்றவற்றில் எம்.எஸ்.என். இன்றும் செல்லும். டி.என்.பி.யைப் பிஎச்.டி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிஎச்.டி. புது அறிவைத் தேடும் ஆய்வுக்கு. டி.என்.பி. இருக்கும் ஆய்வு முடிவுகளை வார்டுக்குக் கொண்டுவருவதற்கு; உதாரணமாக, ஒரு மருத்துவமனையில் சிறுநீர்க் குழாய்த் தொற்றைக் குறைக்க ஒரு நடைமுறையை வகுத்து அமல்படுத்தி அளந்து காட்டுவது. அது மதிப்புள்ள வேலை. ஆனால் சில டி.என்.பி. படிப்புகளில் கூடும் நேரம் இத்தகைய திட்டங்களுக்கே போய்விடுகிறது, நோயாளியைப் பார்க்கும் நேரம் அதே அளவுக்கு வளர்வதில்லை. பெரிய பட்டம் என்பதாலேயே நல்ல பயிற்சி என்று நினைத்துவிட வேண்டாம்.

படித்து முடித்த பிறகு

பட்டம் கையில் வந்தவுடன் மருந்து எழுத முடியாது. தன் பிரிவுக்கான தேசியச் சான்றிதழ் தேர்வில் தேற வேண்டும். பிறகு மாநில நர்சிங் வாரியத்திடம் உரிமம். போதை தரக்கூடிய கட்டுப்பாட்டு மருந்துகளை எழுத மத்திய அரசின் தனிப் பதிவு. சான்றிதழைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிக்கவும் வேண்டும்.

எவ்வளவு சுதந்திரம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் தன் பெயரிலேயே கிளினிக் நடத்தலாம். அவற்றில் சில முதலில் குறிப்பிட்ட காலம் மேற்பார்வையில் வேலை செய்யச் சொல்கின்றன. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் டாக்டரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். 1997 சட்டத்துக்குப் பிறகு மெடிகேர் அவர்களுக்கு நேரடியாகப் பணம் தருகிறது, டாக்டருக்குத் தருவதில் 85 சதவீதம்.

இந்தப் பயிற்சி போதுமா என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் தொடர்ந்து கேட்கிறது. ஒரு டாக்டர் கல்லூரியும், அதன் பின் மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே பெறும் ரெசிடென்சி பயிற்சியும் முடிக்கும்போது அவருடைய பயிற்சி நேரம் பத்தாயிரம் மணியைத் தாண்டும், இங்கே 750. இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளுவது நேர்மையாக இருக்காது. மறுபக்கம், கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் நியூயார்க்கில் நடத்தி 2000-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் டாக்டர்களிடமும் நர்ஸ் பிராக்டிஷனர்களிடமும் பிரித்து அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இரு தரப்பு நோயாளிகளின் உடல்நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அது ஆரம்பநிலைப் பராமரிப்பில், அனுபவமுள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதை மறக்கக்கூடாது. நேற்றுப் படித்து முடித்தவரைத் தனியே கிளினிக்கில் உட்கார வைப்பது சரியா என்பதற்கு அதில் பதில் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சமூகச் சுகாதார மையம் 2007-இல் புதிய நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு ஓராண்டு ரெசிடென்சி பயிற்சியைத் தொடங்கியது. சம்பளத்தோடு, குறைந்த நோயாளிகளோடு, கேட்பதற்கு எப்போதும் ஒருவர் பக்கத்தில் இருக்கும்படியான ஆண்டு அது. இன்று நாடு முழுக்க இத்தகைய பயிற்சிகள் உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை. என்னைக் கேட்டால் கட்டாயமாக்கியிருக்க வேண்டும். முதல் ஆண்டில்தான் தவறுகளும் பயமும் அதிகம்.

தமிழ்நாட்டிலிருந்து யோசிப்பவர்களுக்கு

வேலூரில் 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய ஊர் நம்முடையது. இங்கே பி.எஸ்சி. முடித்தவர் அமெரிக்காவில் இந்தப் பாதையில் போக வேண்டுமென்றால், முதலில் அங்கே பதிவு பெற்ற நர்ஸாக வேண்டும்: சான்றிதழ் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, என்கிளெக்ஸ். பயிற்சி நடக்கும் மாநிலத்தின் ஆர்.என். உரிமம் இல்லாமல் நோயாளியைத் தொட முடியாது. பலர் கவனிக்காமல் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளில் நிறைய ஆன்லைனில் நடக்கின்றன. மாணவர் விசாவில் இருப்பவர் ஒரு பருவத்தில் ஓர் ஆன்லைன் பாடத்துக்கு மேல் கணக்கில் சேர்க்க முடியாது. அதனால் அத்தகைய படிப்புக்கு மாணவர் விசா கிடைக்காது. பெரும்பாலானவர்கள் முதலில் நர்ஸாக வேலையில் அமர்ந்து, பிறகு படிக்கப் போகிறார்கள். டிப்ளமோ மட்டும் முடித்தவர்கள் முதலில் பட்டப்படிப்புக்கு மாற வேண்டியிருக்கும்.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. பிரிசெப்டரை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, நான் தேட வேண்டுமா? நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம்? என் மாநிலத்தில் பயிற்சி எடுக்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா? சான்றிதழ் தேர்வில் முதல் முறையிலேயே தேறுபவர்கள் எத்தனை சதவீதம்? முதல் கேள்விக்கு வளைத்துப் பேசினால் உங்கள் பட்டியலிலிருந்து அந்தக் கல்லூரியை எடுத்துவிடலாம்.

இந்தியாவிலும் இந்தப் பாதை திறந்திருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த, தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டு ஆண்டு முதுநிலை ரெசிடென்சி. வகுப்பறைப் பாடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், மீதியெல்லாம் ஐசியுவில் நோயாளியின் அருகில். பயிற்சிக்கு இவ்வளவு இடம் கொடுத்த பாடத்திட்டம் என்பதால் அதன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இரண்டாவது, 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வந்த, மகப்பேறுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி, 18 மாதம். இயல்பான பிரசவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் மிட்வைஃபுகளை உருவாக்குவது அதன் நோக்கம். தெலங்கானா இதில் முன்னதாகவே இறங்கிய மாநிலம்.

அமெரிக்காவில் இருப்பதுபோல் தன் பெயரில் மருந்து எழுதும் சுதந்திரம் இவர்களுக்கு இங்கே கிடையாது. மருத்துவமனை வகுத்த நெறிமுறைகளுக்கு உட்பட்டு, டாக்டர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது பணியிடம். படிப்பை உருவாக்கியவர்கள் அதற்கேற்ற பதவியையும் சம்பளத்தையும் உருவாக்காவிட்டால், இரண்டு ஆண்டு ஐசியுவில் முடிவெடுக்கப் பழகியவர் பழைய ஸ்டாஃப் நர்ஸ் வரிசைக்கே திரும்பிப் போவார், இல்லையென்றால் கற்பிக்கப் போய்விடுவார். எனவே இங்கே சேர நினைப்பவர்கள் கல்லூரியிடம் பேசுவதோடு, தாங்கள் வேலை செய்ய விரும்பும் இரண்டு மூன்று மருத்துவமனைகளிடமும் நேரில் கேட்டுவிடுங்கள்: நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பதவி உங்களிடம் இருக்கிறதா, அவர் எந்தெந்த முடிவுகளைத் தானே எடுக்கலாம் என்று எழுத்தில் வைத்திருக்கிறீர்களா என்று.